திறக்கத் தேவையில்லை

ஸ்ரீரங்கத்து பிரவுசிங் சென்டரில் வெள்ளிதோறும் என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்வார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். இஸ்திரி கலையாத சட்டை. வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு அனுப்பும் மெயிலில், விஷயத்தைத் தலைப்பிலேயே முடித்துவிடுவார்: 'நலம். திறக்கத் தேவையில்லை.'

ஒருநாள் அதே தலைப்பின் கீழ் பக்கம் நிறைய எழுதியிருந்தார். 'கண் ஆபரேஷன்' என்பது என் பார்வையில் பட்டது.

"திறக்க வேண்டாம்னு போட்டா, இதை எப்படிங்க படிப்பாங்க?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல இருக்கும்போது பாத்துட்டுப் பதறிடக் கூடாதுங்க. நேரம் கிடைச்சா திறக்கட்டும்."

அடுத்த வெள்ளி ஒரு கண்ணில் கட்டோடு வந்தார். மகளின் பதிலைக் காட்டினார். 'சந்தோஷம்ப்பா.'

"அன்னிக்கே போட்டிருக்கா, பாருங்க."

எழுத்து சரியாகத் தெரியாததால், அன்றைய தலைப்பை என்னை டைப் செய்யச் சொன்னார். 'நலம்' என்று போட்டேன். மீதியைப் போட எனக்கு மனம் வரவில்லை.