விரதத்தில் சேராத மாத்திரை

அப்பாவுக்கு முட்டிவலி. அதற்காகப் பௌர்ணமிக் கிரிவலத்தை விடுகிற ஆள் இல்லை. அன்று முழுக்க விரதம்; மலையைச் சுற்றி வந்த பிறகுதான் சாப்பாடு. கிளம்பும்போது வலி மாத்திரை மட்டும் போட்டுக்கொள்வார். வெறும் வயிற்றில் வேண்டாம் என்று அம்மா கெஞ்சுவாள்.

"இட்லி துன்னாதான் விரதம் கெடும். மாத்திரை அதுல சேராது" என்பார், சாஸ்திரத்தையே அவர்தான் எழுதியதுபோல.

போகப்போக, ஆட்டோ ஓட்டவும் தினமும் மாத்திரை வேண்டியிருந்தது. வயிறு எரிய ஆரம்பித்தது. அம்மா விடுவாளா? நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரப் பொடி வாங்கி வெந்நீரில் கலக்கிக் கொடுத்தாள். மணத்தக்காளிக் கீரை இல்லாத சோறே இல்லை என்றானது. எரிச்சல் அடங்கியது. "உன் வைத்தியம் இருக்கச்சே எனக்கு இன்னா பயம்?" என்று அப்பா அடுத்த மாத்திரையைப் பிரித்தார். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

எனக்குத்தான் பயம். ஒருநாள் காலையில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸிலிருந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. "கறுப்பா போவுது. கீரை ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். அம்மாவும் அதை நம்பினாள்.

அந்த மாதப் பௌர்ணமி சாயங்காலம் நாங்கள் மூவரும் மலையைச் சுற்றும்போது, செங்கம் ரோட்டில் அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாந்தி காபித்தூள் கரைத்ததுபோல் வந்தது. பின்னால் வந்த கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தது. அப்பா செத்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் சட்டையை நான் விடவே இல்லை. அப்படியே, யாரோ நிறுத்திய ஆட்டோவில் அவரோடு ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அம்மா பொடியைச் சொன்னாள், கீரையைச் சொன்னாள். மாத்திரையைச் சொல்லவில்லை. அது முட்டிக்குப் போட்டதாயிற்றே, வயிற்றுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

"டெய்லி வலி மாத்திரை போடுவாரு டாக்டர்" என்றேன். அம்மா என்னை முறைத்தாள்.

"அதாம்மா வயித்தைப் புண்ணாக்கி ரத்தம் வர வச்சிருக்கு" என்றார் டாக்டர். "உங்க பொடியில எரிச்சல் கம்மியாச்சு, புண்ணு ஆறல. அவரும் தைரியமா போட்டுக்கினே இருந்துட்டாரு."



ரத்தம் ஏற்றி, ஊசி போட்டு, மறுநாள் மத்தியானம்தான் அப்பா தெளிவாகப் பேசினார். அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அந்தப் பொடி வீட்ல இன்னும் இருக்குதா? அடுத்த பௌர்ணமிக்கு வேணும்."

அப்பா பிழைத்துவிட்டார் என்று நான் கைதட்டிச் சிரித்தேன். அம்மா ஏன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.