ரயில் கடனுக்கு மூன்று மாலை

எனக்கு ஆர்டர் என்றால் ஆர்டர்தான். தாத்தா வெள்ளைக்காரன் ரயிலில் கிளார்க், அப்பா துறைமுகத்தில் கிளார்க், நான் அரசாங்க அலுவலகத்தில் விருந்தினர் வரவேற்புப் பிரிவில் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் காகிதத்தில் எழுதியதுதான் சாமி. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது சொன்னால் வாய் கசக்கிறது.

அந்த வருடம் பினாங்கு ஹோட்டல்களில் இரண்டு பெரிய நாட்டுக்காரர்கள் மாறி மாறி வந்து இறங்கினார்கள். எதிர்க்கரையில், தாசேக் கெலுகோர் பக்கமாக ஒரு புது ரயில் பாதை போடுவதாகப் பேச்சு. போட நம்மிடம் காசு இல்லை. கடன் கொடுக்க இரண்டு பேரும் வரிந்து கட்டிக்கொண்டு நின்றார்கள். இவர்கள் திங்கட்கிழமை விருந்து வைத்தால் அவர்கள் செவ்வாய்க்கிழமை வைப்பார்கள். நம் சனங்கள் ரயிலில் போகவேண்டும் என்று அவர்களுக்கு என்ன ஆசை? எவன் கடன் கொடுக்கிறானோ அவன் தண்டவாளம், அவன் பெட்டி, அவன் ஆள். அதைவிட முக்கியம், மற்றவன் உள்ளே வந்துவிடக் கூடாது. நம் பெரிய மனிதர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? இவனிடம் அவனைக் காட்டி, அவனிடம் இவனைக் காட்டி வட்டியைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதில் ஒரு நாட்டின் குழு பேச்சை முடிக்க வருவதாக இருந்தது. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன், பூவை வைத்தே நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். பாஸ் ஃபைலில் எழுதியிருந்தார்: மாநிலக் கொடியின் நிறத்தில் மூன்று மாலை, நீலப் பூ கிடைக்காது, மஞ்சளும் வெள்ளையும் போதும், செவ்வந்தி.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் ஓர் அக்கா பூக்கடை வைத்திருந்தார். எங்கள் அலுவலகத்துக்கு மாலை அவர்தான் கட்டுவார். புருஷன் போன பிறகு கடை போட அரசாங்கம் ஒதுக்கிக் கொடுத்த அந்த ஒரு லாட்தான் அவருக்குச் சோறு. போய், வருகிறவர்கள் யார் என்றும் சொல்லி ஆர்டர் கொடுத்தேன். கட்டிக்கொண்டிருந்த நாரை அப்படியே கீழே வைத்தார்.

"தம்பி, மஞ்சளும் வெள்ளையும் செவந்தி அவங்களுக்குச் சாவுப் பூ. நம்ம ஊர் சீனவங்க கல்லறைக்குக் கொண்டுபோறத நீங்க பாத்ததில்ல? ஆர்க்கிட் வெச்சு, சிவப்பு ரோஜா வெச்சுக் கட்டித் தரேன். பாஸ்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

பார்த்ததில்லையாவது! ஜெலுத்தோங் ஃபிளாட்டில் எதிர்வீடே சீனர் வீடு. வருடா வருடம் அந்தப் பூவோடு லிஃப்டில் என் பக்கத்திலேயே நிற்பார்கள். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு பூக்கடை அக்கா சொல்லி நான் பாஸ் எழுதியதைத் திருத்துவதா? என் கௌரவம் என்ன ஆவது?

"ஃபைல்ல என்ன இருக்கோ அதக் கட்டுங்கக்கா. உங்க வேலைய நீங்க பாருங்க லா."

முகம் சுருங்கிப் போய்விட்டது அவருக்கு. "சரி தம்பி. அப்ப எழுதிக் குடுங்க" என்றார். நான் நிறத்தையும் பூவையும் தமிழில் எழுதி, கையெழுத்து போட்டு, அலுவலக முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அதிலும் எனக்குப் பெருமைதான்.

வாழை இலையில் பொதிந்து வந்த மாலைகளை ஹோட்டல் வாசலில்தான் பிரித்தோம். என் பக்கத்தில் நின்ற, அலுவலகத்தில் கூட வேலை செய்யும் சீனத் தோழி "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் குழுத் தலைவர் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது. அவர் குனிந்து பார்த்தார், சிரித்தார், கழற்றி ஒரு நாற்காலியில் வைத்தார். தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள். பேச்சு ஒத்திவைப்பு என்று பேப்பரில் வந்தது. மறு வாரமே மற்ற நாட்டுக்காரர்கள் பல்லெல்லாம் தெரிய வந்து இறங்கினார்கள்.

பாஸ் என்னைக் கூப்பிட்டு, "யார் வேலை இது?" என்றார். மஞ்சள் வெள்ளை என்று எழுதியதே அவர்தான். அதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

"பூக்காரி" என்றேன். அதுவரை அக்கா என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

சாயங்காலமே கடைக்குப் போனேன். "அக்கா, அந்தச் சீட்டக் குடுங்க, ஃபைல்ல வைக்கணும், உங்களுக்குத்தான் நல்லது." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "இருங்க தம்பி, கல்லாப் பெட்டிக்கு அடியில வெச்சிருக்கேன்" என்று உள்ளே போனார். வர கொஞ்சம் நேரம் ஆனது. சிரித்த முகத்தோடு கொடுத்தார். அலுவலகத்தில் காகிதம் அரைக்கிற மெஷினில் நானே அதை விட்டேன். பிறகு உட்கார்ந்து அழகான மலாயில் ரிப்போர்ட் எழுதினேன்: கொடுத்த ஆர்டரை மீறி, தம் இஷ்டப்படி பூவைத் தேர்ந்தெடுத்துக் கட்டியிருக்கிறார்.

லாட் ரத்தானது. கடையைக் காலி செய்ய நகராட்சி லாரி வந்த அன்று நான் எதிர்ச்சாரிக் கடையில் நாசி கண்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாளி, பலகை, குடை எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார்கள். பாதி கட்டிய மல்லிகைச் சரம் ஒன்று சாக்கடையில் விழுந்தது. அக்கா அழாமல் நின்று என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணே, கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்றேன். வேறு என்ன சொல்ல, மனுசனா நான்!

எனக்குப் பதவி உயர்வு வந்தது. சில வருடம் கழித்து அதே நாடு திரும்பி வந்து, அதே ரயிலுக்குக் கடன் ஒப்பந்தம் போட்டது. வந்தவர் அதே தலைவர். தேநீர் நேரத்தில் மொழிபெயர்ப்பாளர் மூலமாக அந்த மாலைப் பேச்சை அவராகவே எடுத்தார்.

"பூவுக்காக யாராவது ரயிலை விடுவார்களா? இப்போது கையெழுத்து போடாதே என்று ஊரிலிருந்து உத்தரவு. என்ன சாக்கு சொல்வது என்று விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்தோம். நீங்களே கொண்டுவந்து கழுத்தில் போட்டீர்கள்!" சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். "நல்ல வேலைப்பாடு. யார் கட்டியது?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெலுத்தோங் பசாரில் அக்காவைப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய காய்கறிக் கடையில், கூலிக்கு, குந்தி உட்கார்ந்து தௌகே என்கிற பயற்று முளைக்கு வால் கிள்ளிக்கொண்டிருந்தார். விலகிப் போயிருக்கலாம். மன்னிப்புக் கேட்டால் இரவில் தூக்கம் வரும் என்று ஒரு நப்பாசை.

"அக்கா, அந்தச் சீட்ட நான்..."

"அரைச்சிட்டீங்க. தெரியும்." அவர் கை நிற்கவில்லை. "போட்டோ இருக்கு தம்பி. பூக்கடையில எல்லாம் ஈரம், சீட்டு ஊறிப் போயிரும்னு எந்த ஆர்டர் வந்தாலும் போன்ல எடுத்து வெச்சுக்குவேன். லாரி வந்த மறுநாளே உங்க பாஸ்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

"அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, என்னையே ரெண்டு தடவ படிச்சு மலாய்ல சொல்லச் சொல்லிக் கேட்டாரு. அப்புறம், 'அவன் எனக்கு வேணும்மா, நீங்க வேற பொழப்பு பாருங்க'ன்னாரு."

அப்படியென்றால் அன்றிலிருந்தே பாஸுக்குத் தெரியும். யார் தலையில் எந்தப் பழியைக் கட்டவேண்டி வந்தாலும் அந்த ரிப்போர்ட் எழுதும் வேலை என் மேசைக்கே வந்ததும், ஒன்றைக்கூட நான் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று அவர் நிம்மதியாக இருந்ததும், இதனால்தான். பதவி உயர்வும் இதற்குத்தான். எத்தனை ரிப்போர்ட் எழுதியிருப்பேன்!

"அக்கா, மன்னிச்சி..."

"தௌகே வேணுமா தம்பி?"

"இல்லக்கா."

"அப்ப நகருங்க. பின்னால ஆள் நிக்கிறாங்க."