கடைசி வரிசையிலிருந்து எழும்பிப் போனவர்

வெயிலுக்குக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே விரித்த பாயில், பெண்களுக்கு நடுவே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரீச்சர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். நான் முன்னால் நின்று ஒலிவாங்கியைப் பிடித்துக் கதைத்துக்கொண்டிருப்பேன். சனம் என்னைப் பார்க்கும். ரீச்சர் மட்டும் சனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தப் படத்தைக் காட்டும்போது யார் கையைப் பிசைகிறார், எந்த இடத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், யார் என்னுடைய வசனம் முடிவதற்கு முன்னமே தலையை ஆட்டிவிடுகிறார் என்பதெல்லாம் அவருக்குக் கணக்கு. கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் அவ்வளவையும் ஒன்று விடாமல் சொல்லுவார். நான் என்ன கதைத்தேன் என்பது எனக்கே நினைவில் இருக்காது.

மயிலிட்டிப் பக்கத்துக் காணிகளை விடுவித்த காலம் அது. பல வருடங்களாக இராணுவத்தின் கையில் இருந்த கரையோரம். திரும்பி வந்த சனத்துக்குச் சொந்த வளவையே அடையாளம் தெரியவில்லை. கிணற்றை வைத்தும், தப்பி நின்ற ஒரு வேம்பை வைத்தும் இது எங்கடை, அது உங்கடை என்று பிரித்துக்கொண்டார்கள். காணியைத் துப்புரவாக்கித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் இடிந்த சுவருக்குள்ளும் பற்றைக்குள்ளும் வெடிக்காத எறிகணைச் செல்லோ குண்டோ தப்பிக் கிடக்கும். கண்டால் தொடக்கூடாது, வந்து சொல்ல வேண்டும் என்று சனத்துக்கு விளங்கப்படுத்துவதுதான் எங்கள் வேலை. மிதிவெடி அபாயக் கல்வி என்று அதற்குப் பெயர். எங்களை இரண்டு இரண்டு பேராக அனுப்புவார்கள். ஒருவர் கதைக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு வந்ததால் எல்லோரும் 'ரீச்சர்' என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணும் நானும் ஒரு சோடி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என்னைவிட இரண்டொரு வயது கூட என்பதால் என்னைத் தம்பி என்பார்.

எனக்குச் சபையில் கதைப்பதென்றால் சாகிற பயம். பள்ளிக்கூடக் காலத்தில் பேச்சுப்போட்டிக்கு விடாமல் அனுப்பினார்கள். மனப்பாடம் செய்ததை ஒப்புவித்துப் பரிசும் வாங்கியிருக்கிறேன். அதை நம்பித்தான் இந்த வேலையில் என்னைப் பேச்சாளர் ஆக்கினார்கள். ஒப்புவிப்பது வேறு, மனிதர்களுக்குச் சொல்வது வேறு என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒலிவாங்கியைக் கையில் எடுத்ததும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பயிற்சியில் சொல்லித் தந்தவற்றை ஒவ்வொன்றாக நினைத்துக்கொள்வேன். கண்ணைப் பார்த்துக் கதை. சின்னச் சின்ன வசனமாகச் சொல். அவசரப்படாதே, மூச்சு எடு. மூச்சு எடு என்று நினைத்த மாத்திரத்தில் மூச்சு முட்டும். இதெல்லாம் போதாதென்று, நான் ஒன்றைப் பிழையாகச் சொல்லி, யாராவது அதை நம்பிப்போய்க் கை கால் இழந்தால் என்ன செய்வேன் என்ற பயம் வேறு. அது இரவில் படுத்த பிறகும் விடாது.

இதை ஒருநாள் ரீச்சரிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். "பயப்பிடுங்கோ தம்பி, நல்லதுதான். ஆனா உங்களை நினைச்சுப் பயப்பிடாமல், அந்தச் சனத்தை நினைச்சுப் பயப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. மனிசிக்கு என்ன, பாயில் இருந்து வேடிக்கை பார்க்கிற வேலை என்று மனதுக்குள் திட்டினேன்.

எங்களுக்குள் ஒரு சைகை இருந்தது. நான் சொன்னது போய்ச் சேரவில்லை என்று பட்டால் ரீச்சர் காது மடலைத் தொடுவார். நான் திரும்பச் சொல்ல வேண்டும். எங்கள் சனத்துக்கு ஒரு குணம் உண்டு. முன்னால் நின்று கதைக்கிறவரின் முகம் கோணக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஓம் போடுவார்கள். விளங்கினதோ என்றால் ஓம். பயமாயிருக்குதோ என்றால் ஓம். நான் அந்த ஓம்களை நம்பிச் சந்தோசமாக அடுத்த படத்துக்குப் போவேன். ரீச்சரின் கை காதுக்குப் போகும். சில கூட்டங்களில் அவர் காது சிவந்தே போகும்.

அன்றைக்குக் கடற்கரைக்குக் கிட்ட ஒரு வெளியில் கூட்டம். மீன்பிடிக் குடும்பங்கள். பெண்கள் பாயில் இருந்தார்கள், ஆண்கள் பின்னால் பிளாஸ்டிக் கதிரைகளில். காற்று தறப்பாளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. நான் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினேன். தொடாதேங்கோ, கிட்டப் போகாதேங்கோ, எங்களிட்டைச் சொல்லுங்கோ என்று பல தடவை சொன்னேன். இடையில், உங்களில் ஆராவது இப்பிடி ஏதும் கண்டனீங்களோ என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு ஐயா, சாரத்தை மடித்துக் கட்டியவர், கதிரையிலிருந்து பாதி எழும்பினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உடனே திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மெல்ல எழும்பி வெளியே போனார். பீடி பற்றவைக்கப் போகிறார் என்று நினைத்தேன். ரீச்சரும் அப்படித்தான் நினைத்தாராம். ஆனாலும் அவர் கண் அந்த வெறுங்கதிரையிலேயே நின்றது.

நான் கடைசிப் படத்துக்கு வந்திருந்தேன். ரீச்சர் சட்டென்று எழும்புவதைக் கண்டேன். கூட்டத்தின் நடுவில் அவர் ஒருநாளும் எழும்பியதில்லை. அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். அந்த ஐயா திரும்பி வந்துகொண்டிருந்தார். ஒரு உரப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பையின் வாய் திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து துருப்பிடித்த வால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் கையில் இருந்த செல் படத்தில் உள்ள அதே வால்.

ஓட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. யாரோ ஒரு பெண் "ஐயோ" என்று குழறத் தொடங்கினாள். அந்தச் சத்தத்தில் எல்லோரும் எழும்பி ஓடினால் ஐயா பதறிப்போய்ப் பையைக் கீழே விட்டுவிடுவார். ரீச்சர் என்னைப் பார்த்து, "சனத்தை நீங்கள் பாருங்கோ" என்றார். நான் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். பயிற்சியில் படித்த ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "ஒருத்தரும் கத்தாதேங்கோ. ஒருத்தரும் ஓடாதேங்கோ. பிள்ளையளைத் தூக்குங்கோ. வந்த தார் ரோட்டாலை நடந்து போங்கோ" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. சனம் நடந்தது. அன்றைக்கு ஒருவரும் ஓம் சொல்லவில்லை.

ரீச்சர் ஐயாவுக்கு நேரே நின்றார். கிட்டப் போகவில்லை. "ஐயா, அப்பிடியே நில்லுங்கோ" என்றார். ஐயா நின்றார். கீழே வையுங்கோ என்று அடுத்ததாகச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவரோ, சந்தையால் சாமான் தூக்கிக்கொண்டு வந்தவரிடம் கேட்பதுபோல, "பாரமோ ஐயா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். இந்த நேரத்தில் இது என்ன கேள்வி, இதற்கு என்ன காத்திருப்பு என்று உள்ளுக்குள் துடித்தேன்.

ஐயா யோசித்துச் சொன்னார். "பாரமில்லைப் பிள்ளை. ஆனா இடது கை விறைச்சுக்கொண்டு வருது. வாதக் கை."

ரீச்சர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் நேரத்தை வீணாக்கவில்லை. "சரி ஐயா. மெல்லக் குந்துங்கோ." ஐயா குந்தினார். "மணலிலை வையுங்கோ. போடாதேங்கோ, வையுங்கோ." பை மணலைத் தொட்டது. "வலது கையை எடுங்கோ. இப்ப மற்றக் கை. இனி அதைப் பாக்காதேங்கோ, என்னைப் பாத்துக்கொண்டு வாங்கோ." ஒரு வசனம் முடிந்து, அதை ஐயா செய்து முடிக்கும்வரை அடுத்த வசனம் வரவில்லை. ஐயா எழும்பி அவரிடம் நடந்து வந்தார். கையைப் பிடித்துத் தார் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் ரீச்சர் ரோட்டோரத்தில் அப்படியே இருந்துவிட்டார்.

அறிவித்ததும் கண்ணிவெடி அகற்றும் ஆட்கள் வந்தார்கள். பைக்குள் எட்டிப் பார்த்த அவர்களின் பொறுப்பாளர், மெல்ல அடிவைத்துப் பின்னுக்கு நடந்து வந்தார். அந்த நடையைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் கூடியது. பின்னேரம் அதை அங்கேயே வைத்து வெடிக்கவைத்தார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தும், சத்தம் கேட்டதும் பெரியவர்கள் எல்லோரும் தங்களை அறியாமல் குப்புற விழுந்து படுத்தார்கள். பிள்ளைகள்தான் விளங்காமல் நின்று பார்த்தன. நாங்கள் கூட்டம் நடத்திய தறப்பாள் நார் நாராய்க் கிழிந்து பறந்தது.

பிறகு யாரோ பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கொண்டுவந்து தந்தார்கள். ஐயா எங்களுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். எனக்குப் பயம் இறங்கிக் கோபம் ஏறியிருந்தது. "எத்தினை தரம் சொன்னனான் ஐயா, தொடாதேங்கோ எண்டு! உங்களுக்குக் கேக்கேல்லையோ?" என்று வெடித்தேன்.

"கேட்டது தம்பி. எல்லாம் வடிவாக் கேட்டது" என்றார் ஐயா. கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "உது இந்தப் பக்கத்திலை என்ரை கிணத்தடியிலை கிடந்தது. எழும்பிச் சொல்லுவம் எண்டுதான் வெளிக்கிட்டனான். எல்லாரும் திரும்பிப் பாத்தினம். வாய் வரேல்லை. எனக்குச் சபையிலை கதைச்சுப் பழக்கமில்லை. கொண்டுவந்து காட்டினா, பிறகு கதைக்கத் தேவையில்லைத்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. பலமாய் அடிக்கிற கச்சான் காற்றில் கடலுக்குப் போய் வருகிற மனிதர். செல்லைத் தூக்குவது ஆபத்து என்று தெரிந்தே தூக்கியிருக்கிறார். எழும்பி நின்று நாலு பேர் முன்னால் ஒரு வசனம் சொல்வதைவிட அது அவருக்குச் சுகமாக இருந்திருக்கிறது. அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று அந்த இடத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒலிவாங்கி கையில் இல்லாவிட்டால் நானும் அந்தக் கதிரையில் பாதி எழும்பி இருந்துவிடுகிற ஆள்தான்.

திரும்பும் வழியில் ரீச்சர் என்னிடம், "இனிமேல் கூட்டம் முடிய நான் செருப்புக் கழட்டிவிடுற இடத்திலை நிக்கிறன் தம்பி. நீங்கள் சனத்திட்டைக் கேள்வி கேளுங்கோ, ஆனா பதிலை அங்கை எதிர்பாக்காதேங்கோ" என்றார். அப்படியே செய்தார். சனம் குனிந்து செருப்பைத் தேடுகிற நேரம் அவர் அங்கே சும்மா நிற்பார். செருப்பு மாறிப்போச்சு என்று ஒருவர் தொடங்குவார். அப்படியே குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, எங்கடை வேலிக்கரையிலை ஒரு சாமான் கிடக்கு" என்பார். சபையில் கிடைக்காத செய்திகள் பல செருப்புக் கழட்டின இடத்தில் கிடைத்தன.

அந்த வேலை முடிந்து நாங்கள் பிரிந்து கனகாலம். ரீச்சர் இப்போது பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு முன்பள்ளியில் இருக்கிறார். நான் நெல்லியடியில் மாலை வகுப்பு நடத்துகிறேன். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள், புதிதாகப் பதவி ஏற்றவர்கள், மேடைப் பயம் உள்ளவர்கள் எல்லோரும் வருகிறார்கள். கண்ணைப் பார்த்துக் கதையுங்கள், சின்ன வசனமாகச் சொல்லுங்கள் என்று நானும் சொல்லிக் கொடுக்கிறேன். சேர், இந்தப் பயம் எப்ப போகும் என்று கேட்கிறார்கள். எனக்குப் போகவில்லை என்று உண்மையைச் சொல்லுகிறேன். அவர்கள் பகிடி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். நான் ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்கும்போது, அதை இவர்களில் யார் என்னவென்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார் என்ற பயம் இன்றைக்கும் எனக்கு உண்டு. வகுப்பின் நடுவில் யாராவது எழும்பி வெளியே போனால் எனக்குக் கதை தடைப்பட்டுவிடும். அவர் திரும்பி வந்து இருக்கும்வரை என்னால் ஒழுங்காகத் தொடர முடிவதில்லை.

போன கிழமை, கேள்வி ஏதும் இருக்கோ என்று கேட்டேன். வழக்கம்போல ஒருவரும் இல்லை. வகுப்பை முடித்துவிட்டு வாசலில் போய் நின்றேன். எல்லோரும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்கள். ஏதோ ஒரு அலுவலகத்தில் எழுதுநராக இருக்கும் ஒரு பெண், வகுப்பில் வாயே திறக்காதவர், உள்ளே நின்று நின்று கடைசியாக வந்தார். கைகள் இரண்டையும் பின்னால் கட்டியிருந்தார்.

"சேர், ஒண்டு சொல்லோணும்" என்றார்.

என் கண் அவர் முதுகுப் பக்கம் போனது. "ஓம், சொல்லுங்கோ" என்றேன். அவர் சொல்லத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கொஞ்சத்தில் அவர் கைகளை முன்னால் எடுத்தார். வெறுங்கை. அதற்குப் பிறகுதான் அவர் சொல்வது எனக்குக் கேட்கத் தொடங்கியது.