அடுப்படி பிரெஞ்சுக்கு ஒரு நவநாள்

ஜாஸ்லின் வேலையை விட்ட செய்தி, அவள் வீடு வந்து சேர்வதற்குள் ரெட்டியார்பாளையத்தில் அவள் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. தட்டாஞ்சாவடியில் ராஜவேலின் பிளாஸ்டிக் குடக் கம்பெனியில் பல வருஷம் கணக்கு எழுதியவள். நாற்பதைத் தொடப்போகிற வயது, கல்யாணம் ஆகவில்லை, கூட இருப்பது அம்மா மட்டும். அப்படிப்பட்டவள், "இனிமே இன்டர்நெட்டுல எழுதிச் சம்பாதிக்கப் போறேன்" என்று சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? மூளை குழம்பிவிட்டது என்றார்கள் சிலர். எவனோ மாட்டியிருக்கிறான் என்றார்கள் மற்றவர்கள். இரண்டாவது உண்மையாக இருந்திருந்தால் அவளுக்கே சந்தோஷமாக இருந்திருக்கும், பாவம்.

அம்மா மர்த் மட்டும் ஒரே கேள்விதான் கேட்டாள். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கான்வென்ட் வாசம் இன்னும் போகாத மனுஷி அவள். பிரெஞ்சில் 'அப்படின்னா' என்று அர்த்தப்படும் ஒரு 'அலோர்' முன்னால் போடாமல் வாய் திறக்க மாட்டாள். "அலோர், எழுதி எவன்டி வயிறாரத் துன்னான்?"

ஜாஸ்லின் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய வலைப்பூவின் பெயர் 'அடுப்படி பிரெஞ்சு'. அந்தத் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். மீதிப் பாதி வீட்டுப் பெண்கள் அவர்களைக் கட்டிக்கொண்டு அங்கே போகிறார்கள். ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஜாஸ்லினிடம் ஓடி வருவார்கள். "அக்கா, கடையில போயி வெங்காயம் எப்படிக் கேக்கறது?" கல்லூரியில் பிரெஞ்சு படித்த ஜாஸ்லின் சலிக்காமல் சொல்லிக் கொடுப்பாள். போன பெண்கள் அங்கிருந்து வாய்ஸ் மெசேஜில் அழுவார்கள், சிரிப்பார்கள். அதையெல்லாம் பேர் ஊர் மாற்றிக் கதையாக எழுதி, கதைக்கு நடுவே நாலு பிரெஞ்சு வார்த்தையும் சொல்லிக் கொடுத்தாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எழுதினாள்.

பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் போடுவதற்கு ஒரு கம்பெனி இடம் கேட்டது. படிக்க வருகிறவர்கள் விளம்பரத்தைப் பார்த்தால் கொஞ்சம், அதை அமுக்கி உள்ளே போனால் இன்னும் கொஞ்சம் என்று அவள் கணக்கில் சேரும். ஆனால் ஒரு அளவு வரை சேர்ந்தால்தான் பேங்குக்கு அனுப்புவார்கள். முதல் மாதங்களில் சேர்ந்தது டீச்செலவுக்குக் கூடக் காணாது.

பிறகு வந்தது கொத்தமல்லிக் கதை. தவளக்குப்பத்திலிருந்து போன ஒரு புதுப் பெண். மரீன் என்று பேர் வைத்திருந்தாள் ஜாஸ்லின். கொத்தமல்லி கேட்கத் தெரியாமல் வேறு ஏதோ தழையை வாங்கி வந்து ரசம் வைக்கிறாள் மரீன். புருஷன் ஒரு வாய் குடித்துவிட்டுத் தட்டைத் தள்ளி, "இதுகூட வரலன்னா நீ எதுக்கு இங்க வந்த?" என்கிறான். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி கதவைத் திறக்கிறாள். அத்தோடு அந்த வாரம் நிறுத்திவிட்டாள் ஜாஸ்லின். பாரீசைச் சுற்றியுள்ள தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் அதை ஒருத்திக்கொருத்தி அனுப்பிக்கொண்டார்கள் போல. கணக்கு கிடுகிடுவென்று ஏறியது.

வேலையை விட்டபோது ராஜவேல் நல்ல மனுஷனாக ஒன்று சொல்லியிருந்தார். "டிசம்பர் வரைக்கும் உன் நாற்காலியில யாரையும் போட மாட்டேன்மா. அதுக்குள்ள உன் எழுத்துல காசு வந்துச்சுன்னா சந்தோஷம். வரலன்னா வந்து உக்காரு." ஜாஸ்லினுக்கு அந்த நாற்காலிக்குத் திரும்பக் கூடாது. அவ்வளவுதான் ஆசை. இத்தனை வருஷம் அடுத்தவன் குடக்கணக்கை எழுதியாகிவிட்டது, இனிமேல் தன் வார்த்தையில் தான் சாப்பிட வேண்டும். கிறிஸ்துமசுக்குள் அந்த முதல் பணம் பேங்குக்கு வந்துவிட்டால் போதும், ராஜவேலுக்கு ஒரு கேக்கைக் கொடுத்து நன்றி சொல்லிவிடலாம்.

இந்த நேரத்தில்தான் அன்பியம் குறுக்கே வந்தது.

அன்பியம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பங்குக் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாராவாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, வேதம் வாசித்து, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டு அதற்காக மன்றாடுவார்கள். முடிவில் சுண்டலும் டீயும் உண்டு. ஜாஸ்லின் தெரு அன்பியத்துக்குத் தலைவி ரோசா. கட்டைக் குரல், கல்கண்டு மனசு. யாருக்காவது கஷ்டம் என்றால் அந்தம்மாவுக்கு ராத்திரி சோறு இறங்காது.

நவம்பரில் ஒரு கூட்டத்தில் ரோசா கேட்டாள், "ஏம்மா ஜாஸ்லினு, உன் பணம் வந்துச்சா?"

"இன்னும் கொஞ்சம்தான் ஆன்ட்டி. வர்றவங்க விளம்பரத்தை அமுக்கணும், அப்பதான் ஏறும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஜாஸ்லின் சுண்டல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். நாக்கில் சனி என்பது இதுதான். தெரிந்தவர்கள் வேண்டுமென்றே அமுக்கக் கூடாது என்று விளம்பரக் கம்பெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததை அவள் சேர்த்துச் சொல்லவில்லை. சுண்டல் தின்கிற இடத்தில் சட்டதிட்டமா பேசுவார்கள்?

அடுத்த வாரம் கணக்கு எகிறியது. அதற்கடுத்த நாள் இன்னும் எகிறியது. ஜாஸ்லினுக்குக் கால் தரையில் பாவவில்லை. கொத்தமல்லிக் கதைதான் எங்கேயோ பற்றிக்கொண்டது என்று நினைத்தாள். கதையின் மீதியை எழுதக்கூடத் தோன்றாமல், மணிக்கொரு தரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குறித்த அளவையும் தாண்டியது. அம்மாவிடம் போனை நீட்டிக் காட்டினாள். மர்த் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அலோர், கைக்கு வரட்டும்" என்றாள்.

கைக்கு வரவில்லை. ஒரு காலையில் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. உங்கள் பக்கத்தில் முறையற்ற அமுக்கல்கள் நடந்துள்ளன, கணக்கை மூடுகிறோம், சேர்ந்த தொகை விளம்பரம் கொடுத்தவர்களுக்கே திருப்பித் தரப்படும் என்று. ஜாஸ்லின் அதை மூன்று தரம் படித்தாள். நான் ஒரு தடவைகூட அமுக்கவில்லையே, சேசுவே, நான் அமுக்கவில்லையே என்று சமையல்கட்டில் நின்று வாய்விட்டு அழுதாள்.

அன்று சாயந்திரம் ரோசா வீட்டில் அன்பியம். போக மனசே இல்லை. போகாவிட்டால் நாலு பேர் வீட்டுக்கே வந்து நிற்பார்கள் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள். முட்டிவலி என்று மர்த் வரவில்லை.

ஜெபமாலை முடிந்தது. ரோசா எழுந்து தொண்டையைச் செருமினாள். முகமெல்லாம் பூரிப்பு.

"நேத்தோட நம்ம நவநாள் முடிஞ்சுது. ஜாஸ்லினுக்குத் தெரியாம வெச்சிருந்தோம், இப்ப சொல்லிடலாம். ஒன்பது நாளும் வீட்டுக்கு வீடு எல்லாரும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிட்டு, அவ பக்கத்தைத் திறந்து விளம்பரத்தை அமுக்கினோம்மா. ஒரு நாள்கூடத் தவறல!"

எல்லாரும் கைதட்டினார்கள். ரோசாவின் புருஷன் அமலநாதன் ஒரு படி மேலே போயிருந்தார். போர் மோட்டார் விளம்பரத்துக்குள் போய்த் தன் போன் நம்பரையும் போட்டுவிட்டார். "அவனுங்க தெனம் போன் பண்றானுங்கம்மா, மோட்டார் எப்ப வேணும்னு. வீட்ல கெணறே இல்லன்னு சொன்னேன், அப்பறம் உனக்கு இன்னாத்துக்கு மோட்டார்னு கேக்கறான்! பரவால்ல, உனக்காகத்தான்" என்றார்.

ஜாஸ்லினுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் அழுகைதான் ஜெயித்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் விட்டால் இவர்கள் அடுத்த நவநாளைத் தொடங்கிவிடுவார்களே! சொன்னாள். கம்பெனி கண்டுபிடித்துவிட்டதையும், கணக்கை மூடியதையும், பணம் போனதையும் சொன்னாள்.

ரோசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மாதாவே, நாங்களே உன் சோத்துல மண்ணைப் போட்டுட்டோமா?" பிறகு நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தாலும் குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. "சரி, ஆனது ஆச்சு. இப்ப எதை அமுக்கணும், அதைச் சொல்லு."

இப்படிப்பட்டவர்களிடம் கோபப்பட முடியுமா, சொல்லுங்கள். ஜாஸ்லினாலும் முடியவில்லை. அவளுக்கு வேறொன்று கேட்கத் தோன்றியது.

"ஒண்ணையும் அமுக்க வேணாம் ஆன்ட்டி. ஒன்பது நாளு தெறந்தீங்களே, நான் எழுதினதை யாராச்சும் படிச்சீங்களா?"

ஒரு அம்மா சுண்டல் கரண்டியைத் துடைத்தாள். அமலநாதன் தரையைப் பார்த்தார். "எழுத்து பொடிசா இருக்குதும்மா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பணம் போனதைவிட இதுதான் ஜாஸ்லினுக்கு அதிகமாக வலித்தது. தூரத்தில் எங்கோ முகம் தெரியாதவர்கள் படிக்கிறார்கள். கூடவே வளர்ந்த தெருவில் ஒருத்தருக்கும் அவள் எழுத்து வேண்டியிருக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். இது ஏமாற்று இல்லை, பாசம் என்று விளக்கினாள். பாசம் என்று ஒரு காரணம் அவர்கள் சட்டத்தில் இல்லை போலிருக்கிறது. கிறிஸ்துமசுக்கு நாலு நாள் இருக்கும்போது பதில் வந்தது. முடியாது, முடிவு முடிவுதான் என்று.

ராஜவேலுக்குப் போன் போட்டாள். "ஜனவரியில வந்துடறேன் சார்." அவர் பெரிய மனசோடு எதுவும் கேட்கவில்லை. "வாம்மா, நாற்காலி அப்படியேதான் இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல்லுக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்த மர்த் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அலோர், வேலைக்குப் போறே."

"போறேன்."

"அப்ப எழுத மாட்டியா?"

"எதுக்கும்மா எழுதணும்? காசும் இல்ல, இந்தத் தெருவுல படிக்க நாதியும் இல்ல." சொன்ன வேகத்தில் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததும் வெளியே வந்துவிட்டது. "நீயும் அவங்களோட சேர்ந்து அமுக்கினியா? நெஜத்தைச் சொல்லு. எத்தனை வாட்டி?"

மர்த்துக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் எதுக்குடி அமுக்கறேன்? ரோசா வந்து சொல்லத்தான் சொன்னா. அதை அமுக்கினா எண்ணெய், சோப்புன்னு எங்கியோ இழுத்துட்டுப் போயிடுது. திரும்பி வந்தா உட்ட எடம் தெரிய மாட்டேங்குது. படிச்சிட்டு இருக்கறவ அதையெல்லாம் எங்க அமுக்கறது?"

ஜாஸ்லின் அம்மாவையே பார்த்தாள். தன் பழைய போனைத்தான் அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள், பூசை பார்ப்பதற்கென்று. அம்மா அதில் பூசைதான் பார்க்கிறாள் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

"நீ படிக்கறியாம்மா?"

"மொதல்லேர்ந்து." மர்த் மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கோபம் இன்னும் அடங்கவில்லை. "ஒரு மாசமா தெனம் தெறந்து பாக்கறேன், புதுசா ஒண்ணும் காணம். கேட்டா கணக்கு ஏறுது எறங்குதுன்னு அழுவுறே. காசு வந்தா வருது, போனா போவுது. மாடிப்படியில ஒரு பொண்ணை அழ உட்டுட்டுப் போயிட்டியேடி, அதுக்கு இன்னா சொல்றே? கதவைத் தெறந்தாளே அந்தக் கெழவி, அவ இன்னா கேட்டா?"