இருமல் நின்ற நாள்

தெருவில் அவருக்கு அலாரம் என்று பெயர். துணி வெளுக்கும் ஆலையில் குளோரின் குழாய் வெடித்த அன்று, வாயு குடித்த நெஞ்சோடு வெளியே வந்தவர். அதற்குப் பிறகு அவர் இருமாமல் எந்தக் காலையும் விடிந்ததில்லை. மாடிவீட்டுத் தையல்காரி அந்தச் சத்தத்தில்தான் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள்.

மழை பிடித்த சமயம் அவர் மனைவிக்குச் சளி வந்தது. மூக்கு ஒழுகி, உடம்பு வலித்து, தானாகவே போய்விட்டது. அது போன கையோடு அவருக்குக் காய்ச்சல். இருமல் கூடியது.

"ஆலை இருமல்தான், இதுல புதுசா என்ன இருக்கு?" என்றார்.

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. கேட்டுக் கேட்டு அவள் காது மரத்துப் போயிருந்தது. இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தாள், வெந்நீர் வைத்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போனாள்.

ஒரு ராத்திரி இருமல் நின்றது. அவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். விடிந்து வெகுநேரம் கழித்துத் தையல்காரி கதவைத் தட்டினாள்.

"அண்ணி, இன்னைக்கு அலாரம் அடிக்கலையே! சாவி கொடுக்க மறந்துட்டீங்களா?"

"நல்லாயிடுச்சும்மா. ஒரு இருமல் இல்லை."

தையல்காரி உள்ளே எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணே, ரிப்பேரா?"

கிண்டலுக்குப் பதில் சொல்லாமல் விட்டவரில்லை அவர். "உனக்கு..." என்றார். மூச்சு வாங்கியது. "என்..." அதோடு சரி. உதடு நீலம் பாய்ந்திருந்தது. இருமல் குணமாகியிருக்கவில்லை, இருமுவதற்குத் தெம்பில்லை.

ஆட்டோவில் இரண்டு பேருமாக அவரை நடுவில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"சாதாரண வைரஸ்தாம்மா, உங்களுக்கு வந்த அதே சளிதான்" என்றார் ஆக்சிஜன் வைத்த டாக்டர். "ஆனா இவர் நுரையீரல் ஏற்கெனவே வெந்துபோனது. இன்னொரு தடவை வந்தா தாங்காது."

மனைவி முந்தானையால் தன் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள். என்னிடமிருந்தா வந்தது?

பிழைத்தார். வீட்டுக்கு வரும்போது ஆக்சிஜன் மெஷினும் கூடவே வந்தது. அதன் உறுமலோடு சமைத்தாள், துவைத்தாள், கண்ணயர்ந்தாள்.

அடுத்த வாரம் மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. அம்மா கதவை மறித்து நின்றாள்.

"சளி விட்டப்புறம் கூட்டிட்டு வா."

"ஒரு சளிக்காகப் பெத்த பொண்ணை வாசல்லயே நிறுத்துறியாம்மா?"

"நிறுத்துறேன்."

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியிறங்கினாள். பிள்ளை தோளுக்கு மேலாகக் கையை ஆட்டியது.

"யாரு வந்தது?" உள்ளிருந்து அவர் கேட்டார்.

"வீடு மாறி வந்துட்டாங்க."

தாழ்ப்பாளைப் போட்டாள். உடனே உள்ளே போகக் கால் வரவில்லை. கதவோரத்து நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.