வைக்கிங் சட்டையின் கழுத்து லேபிள்

கோடரியோடு ஒருவர் பேருந்தில் ஏறினார். பிப்ரவரி மாதத்துக் காலை, கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய சட்டை, தோளில் ஆட்டுத்தோல், இடுப்பில் ஒரு கத்தி. ஓட்டுநருக்குக் காலை வணக்கம் சொல்லி, வங்கி அட்டையை இயந்திரத்தில் தொட்டுவிட்டு, நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேருந்தில் ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை. முந்தின நிறுத்தத்தில் நான் ஏறியபோது, குரங்குக் குல்லாவுக்கு மேல் சால்வையைச் சுற்றியிருந்த என்னை மட்டும் நாலைந்து பேர் ஏற இறங்கப் பார்த்திருந்தார்கள். கோடரிக்காரர் நல்ல மனிதர். ஆயுதத்தை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு, நான் எந்த ஊர் என்று கேட்டார். குடியிருக்கும் ஊரைச் சொன்னேன். "இல்லை, உண்மையில் எந்த ஊர்?" என்றார். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் டென்மார்க்கிலிருந்து படகில் வந்து இறங்கியவனின் வேஷத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்டார். திருப்பூர் என்றேன். அது எங்கே என்றார். நீங்கள் உள்ளே போட்டிருக்கும் பனியனைக் கழற்றிப் பார்த்தால் தெரியும் என்று நாக்கு நுனிவரை வந்தது. இந்தியா என்று சொல்லிச் சிரித்து வைத்தேன். "லவ்லி" என்றார்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் நாங்கள் இருக்கும் இந்தப் பகுதியில் எந்தப் பக்கம் போனாலும் ஊர்ப்பெயர் 'பி' என்று முடியும். அது அப்படிப் படகில் படையெடுத்து வந்த வைக்கிங்குகள் விட்டுப்போன சொல், அவர்கள் மொழியில் குடியிருப்பு என்று பொருள். பக்கத்து நகரத்தில் வருடா வருடம் பிப்ரவரியில் அவர்களுக்குத் திருவிழா, கோடரிக்காரர் போனது அதற்குத்தான்; அங்கே தெருப்பெயர்களே அவர்கள் பாஷைதான். நம் பக்கத்தில் அனுப்பர்பாளையம் என்றும் இன்னும் எத்தனையோ பாளையங்கள் என்றும் சொல்லிக்கொண்டே பேருந்தில் போகிறோம் அல்லவா, அது மாதிரிதான். ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு படை கூடாரம் அடித்த இடம் பாளையம் ஆகி, இன்று அங்கே கட்டிங் மேசையும் தையல் மெஷினும் ஓடுகின்றன. படையோடு வந்தால் ஊருக்கே பெயர் வைத்துவிடலாம். சோற்றுக்காக ஒவ்வொருவராக வந்தால், திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கும் ஒடிசாப் பையனுக்கு அவன் அம்மா வைத்த பெயரே நிலைப்பதில்லை. எந்த ஊர்க்காரனானாலும் நமக்கு அவன் 'இந்திக்காரன்'தான். நான் இங்கே வந்த பிறகுதான் இதெல்லாம் உறைத்தது.

என் கணவருக்கு மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எனக்கு வைக்கிங் அருங்காட்சியகத்தின் கடையில் வேலை. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இங்கே டி-ஷர்ட் மடிக்கிறேன். நெஞ்சில் டிராகன் தலை வைத்த கப்பல், கழுத்துக்குப் பின்னால் 'மேட் இன் இந்தியா'. முதல் நாளே ஒன்றை உள்பக்கம் திருப்பி ஓவர்லாக் தையலைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துச் சரக்குதான் என்று கை சொல்லிவிட்டது. கடையில் வேலை பார்க்கும் எங்களுக்கும் அதே டி-ஷர்ட்தான் சீருடை.

அருங்காட்சியகத்துக்குள் ஒரு வைக்கிங் குடிசை கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் சுவரில் சாய்த்து நிறுத்திய ஒரு தறி, பாவு நூலின் அடியில் களிமண் குண்டுகள் கட்டித் தொங்கும். அந்தக் காலத்து உடை போட்ட ஒரு பெண் அதில் நெய்து காட்டிக்கொண்டே வருபவர்களுக்குக் கதை சொல்வாள். அந்த இடம் காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இரவல் புத்தகங்களாக வாங்கி வாசித்தேன். கடலைத் தாண்டிய அந்தக் கப்பல்களின் பாய்கள் ஆட்டு ரோமத்தில் நெய்தவை. கப்பல் கட்டியதைவிட அந்தப் பாயை நூற்று நெய்யத்தான் அதிக நாள் பிடித்தது என்கிறார்கள். கரையில் இருந்த பெண்களும் அடிமைகளும் குனிந்த தலை நிமிராமல் நூற்றிருக்கிறார்கள், இன்று சிலை இருப்பது கப்பலேறிப் போனவனுக்கு. எங்கள் வீட்டில் நெசவை விட்டுத் தறிக்குழியை மூடி அதன்மேல்தான் எனக்குத் தொட்டில் கட்டினார்களாம். இந்தக் கதையை நான் சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னிடம் விளக்கம் கேட்டவர்கள் உண்டு. எதையாவது விளக்கிச் சொல் என்று யாரும் கேட்டதில்லை.

மேலாளர் மார்கரெட்டிடம் போய்க் கேட்டேன். ஸ்வீடனில் வைக்கிங்குகளுக்கும் முந்திய ஒரு குடியிருப்பைத் தோண்டியபோது நம் துணைக்கண்டத்தின் வடமேற்கு மூலையில் செய்த ஒரு சின்னப் புத்தர் கிடைத்தது, அதன் படம் எங்கள் அருங்காட்சியகச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, பாருங்கள், எங்கள் பக்கத்து ஆள் அப்போதே இங்கே வந்துவிட்டார் என்றேன். "ஃபேஸினேட்டிங்" என்று கையைக் கட்டிக்கொண்டாள். பிறகு, பார்வையாளர்கள் ஒரு குறிப்பிட்ட சூழலை எதிர்பார்க்கிறார்கள் என்றாள். எந்தச் சூழல் என்று எனக்குப் புரியவில்லை. என் உச்சரிப்பைச் சொல்கிறாளோ என்று நினைத்து, பயிற்சி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "பார்க்கலாம்" என்று என் தோளைத் தட்டினாள். அந்தத் தட்டலை நம்பி வீட்டுக்கு வந்தேன். கொங்கு நாட்டில் பிறந்தவள், 'பாத்துக்கலாங்க' என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாத ஆளா நான்? கம்பெனியில் வேலை கேட்டு வந்து நிற்கிறவரிடம் வேலை இல்லை என்பதை மேனேஜர் எவ்வளவு மரியாதையாக அப்படிச் சொல்வார்! ஆனாலும் வெள்ளைக்காரி வாயிலிருந்து வந்தபோது அதை நம்பினேன்.

அந்த வசந்தத்தில்தான் அப்பா வந்தார். பனியன் துணி செக்கிங்கிலேயே தலை நரைத்தவர். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது, ஆனால் சட்டைப் பையில் எப்போதும் தீப்பெட்டி இருக்கும். துணியில் ஒரு நூலை உருவிக் கொளுத்தி, கருகும் வாசத்தையும் சாம்பலையும் பார்த்துத்தான் பருத்தியா, பாலியஸ்டரா என்று சொல்வார். விமான நிலையத்தில் அதைப் பிடுங்கிவிட்டார்கள். கோயம்புத்தூரிலேயே முகம் தொங்கியவர், இங்கே வந்ததும் முதலில் வாங்கச் சொன்னது ஒரு தீப்பெட்டிதான். திருச்செங்கோட்டுக்கும் பழனிக்கும் போகிற மாதிரி அவரை வைக்கிங் இடங்களுக்கு அழைத்துப் போனேன். கடல் உள்வாங்கும்போது மட்டும் வண்டி போகக்கூடிய ஒரு தீவு. துறவிகள் இருந்த மடத்தை வைக்கிங்குகள் புகுந்து சூறையாடிய இடம். இடிந்து நிற்கும் வளைவுகளின் கீழே நின்று கதையைக் கேட்ட அப்பா, "சாமியாருகளக் கொன்னுபோட்டு உண்டியலத் தூக்கீட்டுப் போனவனுகளா? அவனுகளுக்கா கண்ணு இவங்க திருவிழா எடுக்கறாங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்தார். நான் கடையில் இருந்தேன். இஸ்தான்புல்லின் பழைய தேவாலயத்தில் காவலுக்கு நின்ற ஒரு வைக்கிங் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் தன் பெயரைக் கீறிவைத்த படத்தின் முன்னால் அவர் வெகுநேரம் நின்றது எனக்குத் தெரிந்தது. அந்தக் கிறுக்கலைக் கண்ணாடி போட்டுப் பாதுகாக்கிறார்கள் என்று சொல்லியிருந்தேன். திருப்பூரில் எங்கள் கம்பெனி விடுதிச் சுவரில் பையன்கள் ஆணியால் எழுதிய பெயர்கள், சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும் முன்னால் சுண்ணாம்புக்குள் போய்விடும். அப்பா பிறகு குடிசைக்குள் போனார். குழந்தைகள் போட்டுப் பார்ப்பதற்காக அங்கே ஒரு கம்பளிச் சட்டை தொங்கும், பக்கத்தில் 'தயவுசெய்து தொட்டுப் பாருங்கள்' என்று பலகையும் கைப்படமும் இருக்கும். படத்தைப் பார்த்து அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் தொழிலில் துணியைத் தொட்டுப் பார்ப்பது என்றால் ஒன்றுதான். ஓரத்தில் ஒரு நூலை உருவினார், தீக்குச்சியைக் கிழித்தார்.

அங்கே நின்ற தன்னார்வலர் அலறிக்கொண்டு சுவரிலிருந்த பொத்தானை அழுத்திவிட்டார். மணி அடிக்க ஆரம்பித்ததும் கட்டடம் மொத்தமும் தூறலில் வந்து நின்றது. தீயணைப்பு வண்டி வந்தது. கூட்டத்தின் நடுவே அப்பா கருகிய நூலை விரல்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். "அசல் உல்லன்தான் கண்ணு. முடி கருகற வாசம் வருது பாரு" என்றார், பாராட்டுகிற குரலில். என் மூக்கருகே வேறு நீட்டினார். சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்த பிறகுதான் அவர் கை இறங்கியது.

திங்கட்கிழமை மார்கரெட் என்னைக் கூப்பிட்டாள். நடந்த சம்பவத்தை வைத்துப் பார்க்கும்போது குடிசைப் பொறுப்பை இப்போது எனக்குத் தருவது கடினம் என்றாள், அவளுக்கே கண் கலங்கிவிடும் போல. வீட்டில் அப்பா மூன்று வேளையும் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் எமிலி என்ற பெண் அந்த இடத்துக்கு வந்தாள். பொன்னிறப் பின்னல், நல்ல பிள்ளை, வஞ்சகமே தெரியாது. உடை கச்சிதமாக இருக்கிறதே என்றேன். மார்ச் மாதமே அளவெடுத்துவிட்டார்கள் என்றாள். அப்பா விமானம் ஏறியதே ஏப்ரலில்தான்.

ஓடிப் போய் அப்பாவிடம் சொன்னேன். நல்ல செய்தி கொண்டு போகிறோம் என்றுதான் நினைத்தேன். "உங்களாலதான் போச்சுன்னு நெனச்சுட்டு இருக்கறீங்க, அப்படி இல்லீங்கப்பா. நீங்க வர்றதுக்கு முன்னாலயே வேற ஆளப் போட்டுட்டாங்க. என்ற மூஞ்சி அவங்களுக்கு ஆகலீங்க, அவ்வளவுதான்." அப்பா டிவியை அணைத்தார். "அப்படியெல்லாம் சொல்லாத சாமி. தப்பு என்றதுதான். நாந்தானே பத்த வெச்சேன்" என்றார். அளவெடுத்த கதையைத் திரும்பச் சொன்னேன். "அந்தப் புள்ளைக்குத் தேதி மறந்திருக்கும்" என்றார். மகளைக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்து, அவள் நன்றாக இருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதர். இந்த நாட்டில் தப்பு இருக்கிறது என்பதைவிடத் தன் தீக்குச்சியில் இருக்கிறது என்பது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. நான் கொண்டுபோன விடுதலையை வாங்கிக்கொள்ளாமலே ஊருக்குப் போனார். தீப்பெட்டியை எங்கள் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போதெல்லாம் அவர் துணியைக் கையால் தடவிப் பார்ப்பதோடு சரி என்று அம்மா போனில் சொன்னாள். மார்கரெட் கூப்பிட்டுச் சொன்னபோதும் எமிலி வந்தபோதும் வராத கோபம் அன்று எனக்கு வந்தது. ஒரு மனிதரின் கையிலிருந்து அவர் தொழிலையே பிடுங்கிவிட்டு, எனக்கு அனுதாபம் சொல்லியிருக்கிறார்கள்.

எமிலிக்குப் பாவு கட்டுவது பிடிபடவில்லை. அது அவள் தப்பில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் கதவு திறக்கும் முன் கொஞ்சம் உதவ முடியுமா என்று அவளேதான் கேட்டாள். அதனால் இப்போது தினமும் சீக்கிரம் போய்க் குடிசையில் நூலைச் சரிசெய்து, களிமண் குண்டுகளைக் கட்டிவிட்டு, ஆட்கள் வரும் ஓசை கேட்டதும் கடைக்கு வந்துவிடுகிறேன். கதை சொல்லும் குரல் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கும். அவள் நன்றாகத்தான் சொல்கிறாள்.

போன வாரம் ஒரு அம்மா தன் மகனுக்குக் கப்பல் டி-ஷர்ட் வாங்கினாள். பையன் அங்கேயே போட்டுக்கொண்டு கழுத்தைச் சொறிந்தான். இந்த லேபிள்களால் ஒரே தொல்லை, கத்தரி இருக்கிறதா என்று கேட்டாள். நானே வெட்டிக் கொடுத்தேன், தையல் பிரியாமல், ஒட்ட வெட்டினேன். பையன் கப்பலை நெஞ்சில் தட்டிக்கொண்டு ஓடினான். அந்தத் துண்டு என் கையிலேயே இருந்தது, கூடையில் போட்டேன். மாலையில் பேருந்தில் திரும்பும்போது என் கழுத்தும் அரித்தது. அதே கப்பல், அதே லேபிள். வீட்டில் கத்தரி இருக்கிறது. நான் வெட்டவில்லை, அரிக்கட்டும்.