மெழுகு போட்ட தரை

தொண்ணூறுகளில், இத்தாலியின் பலேர்மோ நகரத்துக் கால்சாப் பகுதியில் ஒரு நடனப்பள்ளியைக் கூட்டித் துடைப்பது என் வேலை. அதை நடத்திய அம்மாவை எல்லோரும் மரியாதையாகச் சிஞ்ஞோரா என்றே கூப்பிடுவார்கள். அவர்தான் இந்த ஊருக்கு ஜாஸ் நடனத்தை முதன்முதலில் கொண்டுவந்தவர் என்பார்கள். தொடை தெரிய ஆடுகிறாள் என்று அன்று அவரை ஏசியவர்களின் பேத்திகளே நான் வேலை செய்த காலத்தில் அவரிடம் ஆடப் பழகினார்கள். அறுபது வயதிலும் அவரே பாய்ந்து, சுழன்று ஆடிக் காட்டுவார்.

இத்தாலியில் தங்குவதற்கான என் பெர்மெஸோவைப் புதுப்பிக்க, எனக்கு வேலை இருக்கிறது என்று அவர் எழுதித் தரும் கடிதம் தேவைப்பட்டது. அவரைச் சந்தோசப்படுத்த நினைத்து, வீடுகளில் செய்வதுபோல மரத்தரைக்கு மெழுகு போட்டுப் பளபளக்க வைத்தேன். ஆடுகிற தரை வழுக்கக்கூடாது என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

முதல் பாய்ச்சலிலேயே சிஞ்ஞோரா விழுந்தார். முழங்கால் முறிந்த சத்தம் வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

"தரைக்கு மெழுகு போட்டது யார்?" என்று மாணவி ஒருத்தியின் தாய் கத்தினாள்.

"எனக்குத் தெரியாது" என்றேன். என் கையெல்லாம் மெழுகு மணத்தது.

சிஞ்ஞோரா கீழே கிடந்தபடி என்னைப் பார்த்தார். "நான்தான் போட்டேன்" என்றார்.

வீட்டில் என் கணவர், "நீர் வாயைத் திறக்காதையும். கடிதம் தராட்டி எங்கை போறது?" என்றார்.

சிஞ்ஞோரா கடிதம் தந்தார். ஆனால் அதன் பிறகு அவர் ஆடவேயில்லை. கதிரையில் உட்கார்ந்தபடி கைதட்டிப் பழக்கினார். அந்தக் கதிரையைத் தினமும் கொண்டுபோய் வைப்பதும் நான்தான். வைத்துவிட்டு, "சிஞ்ஞோரா, அண்டைக்கு நான்தான்..." என்று தொடங்குவேன்.

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பிக் கைதட்டுவார். "ஐந்து, ஆறு, ஏழு, எட்டு!"

மன்னித்தாரா, கேட்கவே விரும்பவில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வசனம் இன்னும் என் வாயில் பாதியில் நிற்கிறது.